மாறியதும் மறைந்ததும்: உயிரியல் மாதிரியுருக்களின் கோப்பு மாற்றிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

லிந்துலை, தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று வெள்ளைத் துரைமார் இட்ட பெயர்; செக்றோலிலும் தேயிலைப் பெட்டியிலும் ஏறுவது இதுவே. மற்றையது தொழிலாளர் தம் வாய்மொழியில் வழங்கும் தமிழ்ப் பெயர். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக அமைவது எப்பொழுதும் நிகழ்வதன்று. இரண்டும் ஒரே நிலத்தையே குறிக்கின்றன என்பதை ஏட்டை மட்டும் புரட்டுபவர் அறிய இயலாது. அவ்விடத்தில் வாழ்ந்தவரைக் கேட்டே அறிதல் வேண்டும். இப்பகுதியில் வளர்ந்த எனக்குக் கணனிசார் உயிரியலைக் கற்கப் புகுந்தபொழுது இவ்வநுபவமே மீண்டும் வாய்த்தது. அங்கும் ஒரே கணித மாதிரியுரு பல்வேறு கோப்பு வடிவங்களிற் பல்வேறு கோலத்துடன் உலவுகின்றது. ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்தை ஆக்கித்தரும் மென்பொருள்களும் பல உள. அவை ஆக்கித்தருவது அதே மாதிரியுருவைத்தானா என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

தமிழ்ச் சங்க மலரொன்றில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டோ எனச் சிலர் ஐயுறலாம். தொல்காப்பியர் வழிநூலை நால்வகைப்படுத்தியபொழுது மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். முதனூலின் வழியே நடப்பது வழிநூல். அதன் மதிப்பு முதனூலோடு அது கொண்ட உறவினாலேயே அளக்கப்படுவது. கோப்பு மாற்றியொன்று வெளியிடும் கோப்பும் இவ்வகையில் ஒரு வழிநூலே. ஆயின் மொழிபெயர்ப்புக்களை எடைபோட்டுப் பழகிய நாம் இவ்வழிநூல்களை எடைபோட இன்னும் முற்படவில்லை. 'பிழைச் செய்தி எதுவுமின்றி மாறிவிட்டது' என்பதே போதிய சான்றாகக் கொள்ளப்படுகின்றது. அச்சான்று போதாது என்பதும், பேசாது மாற்றித்தரும் மாற்றியிலும் மாற்ற மறுத்துக் காரணங் கூறும் மாற்றியே சிறந்தது என்பதும் இங்கு நிறுவப்படும்.

1. நம்மூர் மாதிரியுரு ஒன்று

பொதுப்படக் கூறுவதிலும் ஓர் உதாரணத்தை முன்வைத்து நோக்குதல் நன்று. அவ்வுதாரணத்துக்காகத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. லிந்துலைக்கு அணித்தாகத் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் தாபிக்கப்பெற்றது. அந்நிலையத்தார் எதிர்கொண்ட பெரும் நோய்களுள் ஒன்று கொப்புள நோயாகும். எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்னும் பங்கசினால் விளையும் இந்நோய் 1868 இல் அசாமில் அறியப்பட்டது. 1946 இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. இளம் இலையையும் தளிரையுமே இது தாக்குவது. கொழுந்து பறிப்பவரின் விரல் நாடுவதும் அத்தளிரையே ஆதலின் நோயின் இழப்பு நேராகக் கூடையிலேயே தெரியும்.

பங்கசின் வித்தி முளைப்பதற்கு இலை நனைந்திருத்தல் வேண்டும். வெயில் ஏறி இலை உலரின் வித்தி முளையாது மடியும். இவ்வுண்மையைக் கணக்காக்கும் முயற்சி சென் கூம்சிலேயே நிகழ்ந்தது. வீசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர் வெயிலும் மழையும் இந்நோயின்மீது செலுத்தும் ஆதிக்கத்தைப் பற்றி 1961 இல் ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டனர். பின்னர் அலன் கேர் என்பார் சண்முகநாதனுடனும் றொட்றிகோவுடனும் இணைந்து எழுதிய தொடர் கட்டுரைகள் 1966 இலும் 1967 இலும் பிரித்தானியப் பங்கசியற் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தன. வித்தி உண்டாகும் முறையில் தொடங்கி நோயை முன்கூட்டியே கணிக்கும் சமன்பாட்டில் அத்தொடர் முடிவுறுகின்றது. பிற்காலத்திற் கழலை நோயொன்றுக்கு உயிரியற் கட்டுப்பாடு கண்டு, 1990 இல் அவுஸ்திரேலியப் பரிசை மற்றிருவரோடு பகிர்ந்துகொண்ட அதே கேர்தான் இவர்.

அச்சமன்பாட்டின் பயன் யாது? வெயில் போதிய அளவு எறித்த நாட்களிற் செம்பு மருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம் என்பதே. தேவையற்ற தெளிப்பு ஒன்று குறையுமாயின் தோட்டத்துக்குச் செலவு குறையும். முதுகிற் தாங்கியைச் சுமந்து செங்குத்தான சரிவில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கு ஒரு நாட் சுமை குறையும். தவறான கணக்கோ இதனை மறுதலையாக்கும். மாதிரியுருவின் நம்பகம் வெறும் ஏட்டுப் பிரச்சினை அன்று என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, மாணவர் ஒருவர் மேற்கூறிய ஆய்வின் அடியிலுள்ள உயிரியலை ஓர் இயங்கு மாதிரியுருவாகக் கணனியில் எழுத முற்படுகிறார் எனக் கொள்வோம். அவர் நான்கு செய்திகளைக் கூற வேண்டியிருக்கும். நலமான தளிர், வித்தி படிந்து, நோயுற்ற தளிராகின்றது. தொற்றிய நாளுக்கும் புதிய வித்தி வெளிப்படும் நாளுக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று நான்கு வாரத் தாமதம் உண்டு. தொற்றும் வேகம் நாடோறும் அளந்த வெயிலைப் பொறுத்தது. மருந்து தெளிக்கும் நாளிலும் கொழுந்து பறிக்கும் நாளிலும் நிலைமை திடீரென மாறுகின்றது. மாற்றம், தாமதம், புற அளவீடு, திடீர் நிகழ்ச்சி என்னும் இந்நான்கையும் நினைவிற் கொண்டு கோப்பு வடிவங்களை அணுகுவோம்.

2. இரு மொழிகள், இரு நோக்குகள்

1990களின் இறுதிவரை ஒவ்வோர் ஆய்வுகூடமும் தன் மென்பொருளுக்கே உரிய வடிவிலேயே மாதிரியுருக்களை எழுதி வந்தது. ஐந்து வடிவங்கள் இருப்பின் ஒவ்வொன்றிலிருந்தும் ஏனையவற்றுக்கு மாற்ற 20 மாற்றிகள் வேண்டும். அவ்வைந்தனுள் ஒன்றைப் பொதுவழியாகக் கொள்ளின் எட்டு மாற்றிகளே போதும். இத்தேவையினின்றும் பிறந்ததே எஸ்.பி.எம்.எல். எனப்படும் தொகுதி உயிரியற் குறிமொழி. கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவனத்தில் 2000 ஆம் ஆண்டளவிற் தொடங்கிய முயற்சியின் பயனாக அதன் முதற் படிநிலை 2001 இல் வெளிவந்தது. மைக்கேல் ஹக்காவும் பலரும் சேர்ந்தெழுதிய விளக்கக் கட்டுரை 2003 இல் அச்சேறியது. அதே காலத்தில் நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தார் செல்.எம்.எல். என்னும் கலக் குறிமொழியை ஆக்கினர். அதன் இரண்டாம் பதிப்பு 2020 இல் வந்தது.

இவ்விரண்டும் எக்ஸ்.எம்.எல். என்னும் ஒரே எழுத்துமுறையைப் பயன்படுத்துவன. சமன்பாடுகளையும் ஒரே கணிதக் குறிமொழியில் எழுதுவன. எழுத்து ஒன்றாயிருத்தலால் மொழியும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. எஸ்.பி.எம்.எல். உலகத்தை இரசாயனவியலாளரின் கண்கொண்டு பார்ப்பது. அதிற் 'இனம்' உண்டு, அவ்வினம் வாழும் 'அறை' உண்டு, ஓரினம் மற்றோரினமாக மாறும் 'தாக்கம்' உண்டு. செல்.எம்.எல். உலகத்தைக் கணிதவியலாளரின் கண்கொண்டு பார்ப்பது. அங்கு மாறிகளும் அவற்றைப் பிணைக்கும் சமன்பாடுகளும் கூறுகளுமே உள. ஒவ்வொரு மாறிக்கும் எண்ணுக்கும் அலகு கட்டாயம். எஸ்.பி.எம்.எல்லின் மூன்றாம் படிநிலையிலோ அலகை எழுதாது விடவும் இடமுண்டு.

அலகைப் பற்றிய இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். மலையகத்தார்க்கு அது சிறிதன்று. கொழுந்தின் நிறை றாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறிய காலத்தை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். பேரேட்டில் வெறுமனே 40 என்று எழுதியிருப்பின் அது றாத்தலாயின் ஏறத்தாழ 18 கிலோ. கிலோவாயின் இரு மடங்குக்கும் மேல். எண் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. அலகைக் கட்டாயமாக்கிய மொழியிலிருந்து கட்டாயமாக்காத மொழிக்குப் பெயர்ப்பது எளிது. மறுதலையாகப் பெயர்க்கையில், மாற்றி எங்கிருந்தோ ஓர் அலகைத் தருவித்துக்கொள்ள வேண்டியதாகின்றது.

3. மாற்றிகளின் வகையும் தரமும்

இவ்விரு மொழிகளுக்கிடையே பாலம் அமைக்க எழுந்த மாற்றிகள் பல. செல்.எம்.எல்லை எஸ்.பி.எம்.எல். ஆக்கும் மென்பொருளொன்றை மரியா சில்ஸ்ரா முதலியோர் 2006 இல் வெளியிட்டனர். 2009 இல் வெளிவந்த அந்திமனி, மனிதர் வாசித்து எழுதத்தக்க எளிய வரிகளில் மாதிரியுருவை அமைத்து இரு வடிவங்களுடனும் பரிமாற வழி செய்தது. 2016 இல் விளக்கக் கட்டுரை கண்ட எஸ்.பி.எவ்.சி. என்னும் 'தொகுதி உயிரியல் வடிவ மாற்றி' எஸ்.பி.எம்.எல்லை மையமாகக் கொண்டு, பயோபக்ஸ், எக்ஸ்.பி.பி., ஒக்ரேவ், வரைபட வடிவங்கள் ஆகியவற்றுக்குக் கோப்புக்களை மாற்றித்தருவது. யார் வேண்டுமாயினும் புதிய மாற்றியொன்றைச் சேர்க்கத்தக்கதாக அதன் அமைப்பு வகுக்கப்பட்டுள்ளமை போற்றத்தக்கது. இவற்றின் ஆக்கியோர் தம் உழைப்பைக் கட்டணமின்றி உலகுக்கு அளித்தவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

ஆயின் இம்மாற்றங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ஒக்ரேவ் போன்ற கணிப்பு மொழிக்கு மாற்றுதல் ஒருவழிப் பாதையாகும். கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தித் தேயிலை ஆக்கலாம். தேயிலையை மீளக் கொழுந்தாக்கல் இயலாது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகையில் நீர் போயிற்று என்பதைத் தொழிற்சாலையார் அறிவர். இழப்பை அறிந்தே கணக்கு வைப்பர். ஒக்ரேவுக்கு மாறிய கோப்பிற் சமன்பாடுகள் எஞ்சும். எது இனம், எது அறை, எது எதுவாக மாறிற்று என்னும் செய்தி எஞ்சாது. வரைபட வடிவத்துக்கு மாறின் மறுதலையாக உறவுகள் எஞ்சிக் கணிதம் போய்விடும். குறித்த பயனுக்காக அறிந்து செய்யின் இவை குறையாகா. மாறிய கோப்பையே மூலமெனக் கொண்டு மேலும் வேலை செய்வோர்க்கே கேடு விளைகின்றது.

4. உதாரணத்தை மாற்றிப் பார்த்தல்

நம் கொப்புள நோய் மாதிரியுருவுக்கு மீள்வோம். எஸ்.பி.எம்.எல்லின் இரண்டாம் படிநிலையிலிருந்து திடீர் நிகழ்ச்சிகளையும் காலத் தாமதத்தையும் நேரடியாகக் கூற வழியுண்டு. ஆதலின் மருந்து தெளித்தலும் பறித்தலும் நிகழ்ச்சிகளாகவும், மூன்று வார இடைவெளி தாமதமாகவும் அமையும். செல்.எம்.எல்லின் முதற் பதிப்புக்களில் நிகழ்ச்சி என்ற இலக்கணமே இல்லை. இரண்டாம் பதிப்பில் 'மீளமைத்தல்' என்னும் கூறு சேர்க்கப்பட்டமையால் இக்குறை ஓரளவு நீங்கிற்று. தாமதத்துக்கு இடம் இன்னும் இல்லை. இந்நிலையில் மாற்றி யாது செய்யலாம்? மூன்று வழிகள் உள.

தாமதத்தை விட்டுவிட்டு எஞ்சியதை எழுதலாம். அவ்வாறாயின் இன்று தொற்றிய தளிர் இன்றே வித்தியைப் பரப்பும். தாமதத்தைப் பல சிறு படிகளாகப் பகுத்து அடுத்தடுத்த நிலைகளாகவும் எழுதலாம். சராசரிக் காலம் மாறாதெனினும் சில தளிர்கள் முந்தியும் சில பிந்தியும் முதிர்வதால் நோயலையின் கூர்மை மழுங்கும். இது தக்க காரணத்துடன் மனிதர் செய்யத்தகும் தழுவலே. மென்பொருள் தானாகச் செய்துவிட்டு வாளாவிருத்தல் தகாது. அன்றேல், 'இம்மொழியில் இதைக் கூறவியலாது' என்று நின்றுவிடலாம். மூன்றனுள் இறுதியதே சிறந்தது என்பேன். இதற்கு முன்மாதிரியும் உண்டு. எஸ்.பி.எம்.எல்லைக் கையாளும் லிப்எஸ்.பி.எம்.எல். என்னும் நிரலகத்தை நிகழ்ச்சிகள் அடங்கிய மாதிரியுருவை முதற் படிநிலைக்கு மாற்றுமாறு ஏவினால் அது மறுத்துக் காரணத்தையும் கூறும். அம்மறுப்பு எரிச்சலூட்டலாம், ஆயினும் அது நேர்மையான மொழிபெயர்ப்பாளனின் மறுப்பாகும்.

இதனினும் நுண்ணியது அளவு, செறிவு பற்றிய மயக்கம். எஸ்.பி.எம்.எல். கூறும் 'அறை' நம் உதாரணத்தில் ஒரு தேயிலை மலை. ஒரு மலையில் நலமான தளிர் 10 அலகும் வித்தி 20 அலகும் உள்ளன எனவும், தொற்றும் வேக மாறிலி 1 எனவும் கொள்வோம். மலையின் பரப்பு ஒரு ஹெக்டேயராயின் மொத்த அளவைக் கொண்டு பெருக்கினும், ஹெக்டேயருக்கு இவ்வளவு என்னும் செறிவைக் கொண்டு பெருக்கினும் விடை 200 தான். பரப்பு இரண்டு ஹெக்டேயராகட்டும். செறிவுகள் 5, 10 ஆகும், பெருக்கம் 50, பரப்பால் மீளப் பெருக்க 100. மொத்த அளவையே பெருக்கினால் 200. அதையும் தவறுதலாகப் பரப்பாற் பெருக்கினால் 400. ஒரே மலை, ஒரே தளிர், ஒரே வித்தி, மூன்று விடைகள்.

எஸ்.பி.எம்.எல்லில், ஓரினத்தை அளவாகக் கொள்வதா செறிவாகக் கொள்வதா என்பதை 'ஆம்', 'இல்லை' என்னும் ஒரு சொல்லே தீர்மானிக்கின்றது. செல்.எம்.எல்லில் அறையும் இல்லை, அச்சொல்லும் இல்லை. எழுதுபவர் வகுத்தலையும் பெருக்கலையும் வெளிப்படையாகச் சமன்பாட்டிலேயே எழுத வேண்டும். ஆகவே மாற்றி அச்சொல்லைப் படித்து வகுத்தலைத் தானே இட வேண்டும். இடாமல் விடுதலும் இருமுறை இடுதலும் நேரக்கூடியவை. தராசடியிற் கூடையின் நிறையைக் கழிக்க மறந்தாற் தோட்டத்துக்கு நட்டம். இருமுறை கழித்தாற் பறித்தவருக்கு நட்டம். தராசடியிலாயினும் பறித்தவர் எதிரே நிற்பதால் கேள்வி எழும். கோப்பினுள்ளே கேட்பார் இலர். மாதிரியுருக்கள் பலவற்றில் அறையின் பருமன் 1 என்றே இடப்படுவதால் இப்பிழை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். எவரேனும் 1 ஐ 2 ஆக்கும் அன்றே அது விழிக்கும்.

5. 'வளைகோடு ஒன்றே' என்னும் வாதம்

மாற்றிகளின் பக்கம் நின்று பேசுவோர் முன்வைக்கும் வலிய வாதம் ஒன்றுண்டு. மூலத்தையும் மாறியதையும் கணனியில் இயக்கிப் பார்; இரண்டும் ஒரே வளைகோட்டைத் தருமாயின் மாற்றம் சரியே என்பது அது. எஸ்.பி.எம்.எல். சமூகத்தார் இதன்பொருட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட சோதனை மாதிரியுருக்களைத் தொகுத்துள்ளனர். இச்சோதனை இன்றியமையாதது. இதிற் தோற்கும் மாற்றியைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. ஆனால் இதில் வெல்லும் மாற்றி நன்மாற்றி ஆகிவிடுமா?

நலமான தளிர் நோயுற்ற தளிராவதை எஸ்.பி.எம்.எல்லில் ஒரு தாக்கமாக எழுதினால், ஒருபுறம் குறைவதே மறுபுறம் கூடுகின்றது என்பது அவ்வெழுத்திலேயே உறுதியாகின்றது. இதைச் செல்.எம்.எல்லுக்குக் கொண்டுசென்றால் இரு தனிச் சமன்பாடுகள் கிடைக்கும். ஒன்று குறைவைக் கூறும், மற்றொன்று கூடுதலைக் கூறும். மீண்டும் எஸ்.பி.எம்.எல்லுக்குக் கொணர்ந்தால் அவை பெரும்பாலும் இரு தனி 'விதி'களாகவே நிற்கும். தாக்கம் திரும்பி வருவதில்லை. சமன்பாட்டிலிருந்து தாக்கத்தை ஊகிக்கப் பல வழிகள் இருத்தலால் எது மூலத்தில் இருந்ததென மாற்றி அறியாது. வளைகோடோ இம்மியும் மாறாது. சோதனையிற் பிழையில்லை.

ஓராண்டின் பின் வேறொரு மாணவர் இக்கோப்பை எடுக்கிறார். தொற்றும் வேகத்தில் வெயிலின் பங்கைத் திருத்த விரும்பி முதலாம் விதியை மாற்றுகிறார். இரண்டாம் விதியிலும் அதே உறுப்பு உண்டென்பதை அறியார். இப்பொழுது தளிர்கள் ஒருபுறம் மறைகின்றன. மறுபுறம் வேறொரு தொகையிற் தோன்றுகின்றன. மலையில் இல்லாத கொழுந்து கணனியில் விளைகின்றது. பிழை யாருடையது? திருத்திய மாணவருடையது என்பர். ஆயின் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய உறவை மறைத்தது முன்னைய மாற்றமே. மாதிரியுரு என்பது இயக்கிப் பார்க்க மட்டும் உரியதன்று. படிக்கவும் திருத்தவும் உரியது. படிப்பவருக்குரிய பொருள் போனபின் வளைகோடு மட்டும் எஞ்சுதல், செய்யுளின் சீரும் தளையும் தப்பாது நிற்கக் கருத்து மட்டும் கழன்றதை ஒக்கும்.

6. மொழிபெயர்ப்பாளன் அறிந்ததும் மாற்றி அறியாததும்

இவ்விடத்தில் நம் இலக்கிய அநுபவம் துணைசெய்யும். தலவாக்கலையை அடுத்த வட்டகொடைப் பகுதியிற் பிறந்தவரும், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவருமான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக எழுதினார். அதனைச் சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். மூலத்தின் மொழி ஆங்கிலம். மூலம் கூறும் வாழ்வோ தமிழில் நடந்த வாழ்வு. ஆங்கிலச் சொல்லின் பின்னாலிருந்த லயத்தையும் மலையையும் தப்பொலியையும் மொழிபெயர்ப்பாளர் ஏட்டிலிருந்து மட்டும் பெறவேண்டிய நிலையில் இருக்கவில்லை. அவ்வுலகம் அவர்க்கு அயலன்று. ஏட்டில் இல்லாததை உலகறிவினால் மீட்டுக்கொள்ளுதல் மனித மொழிபெயர்ப்பாளனின் பலமாகும்.

மாற்றிக்கு அப்பலம் இல்லை. கோப்பில் எழுதாதது எதுவும் அதற்குத் தெரியாது. ஆதலின் உலகறிவையும் கோப்பினுள்ளேயே எழுதிவைத்தல் வேண்டும். 2005 இல் நிக்கொலா லெ நோவேர் முதலியோர் முன்வைத்த மிரியம் என்னும் நெறிமுறைகளின் உட்கருத்து இதுவே. மாதிரியுரு எந்த வெளியீட்டிலிருந்து வந்தது, யார் ஆக்கினார், ஒவ்வோர் இனமும் பொதுத் தரவுத்தளத்தில் எவ்வெண்ணாற் குறிக்கப்படுவது என்பவற்றைக் கோப்போடு இணைத்தல் வேண்டும் என அவை வற்புறுத்தின. ஒருவர் பங்கசு என்றும் மற்றொருவர் வெறும் 'எக்ஸ்' என்றும் பெயரிட்டாலும், பொது எண் ஒன்றாயின் இரண்டும் ஒன்றென அறியலாம். இரு பெயர் கொண்ட தோட்டத்துக்கு நிலவளவைப் படத்தில் ஓரிடம் காட்டியதை ஒக்கும் இது.

நம் மொழி இதில் எங்கு நிற்கின்றது? எஸ்.பி.எம்.எல்லில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. அது ஆங்கில எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டுமே கொண்டதாக இருத்தல் வேண்டும். அதனோடு 'பெயர்' என ஒன்றும் 'குறிப்பு' என ஒன்றும் எழுதலாம். இவற்றிற் தமிழுக்குத் தடையில்லை. 'கொழுந்து', 'கொப்புளம்', 'ஏழாம் நம்பர் மலை' என எழுதிவைக்கலாம். ஆயின் அடையாளக் குறியை மட்டும் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகையிற் பெயருக்கு நிற்க இடமில்லை. மாற்றியை ஆக்கியவர் நினைவுகூர்ந்து கருத்துரையாக இட்டாலன்றி அது உதிர்ந்துபோகும். செக்றோற் பெயர் நிலைக்க வாய்மொழிப் பெயர் மறைந்த வரலாற்றை நாம் அறிவோம். இங்கும் அது மீளலாகாது.

7. எதிர்வாதமும் முடிபும்

இவற்றை வைத்து மாற்றிகளே வேண்டா எனவும், ஒவ்வொருவரும் மூலக் கட்டுரையைப் பார்த்துப் புதிதாக எழுதுக எனவும் யாரேனும் முடிபு கட்டுவாராயின் அது பெருந்தவறாகும். கேம்பிரிட்ஜுக்கு அண்மையில் ஹிங்ஸ்ரனிலுள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தில் 2005 முதல் இயங்கிவரும் பயோமொடல்ஸ் களஞ்சியத்தைச் சார்ந்தோர் 2021 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அச்சேறிய கட்டுரைகளிலுள்ள 455 மாதிரியுருக்களை அவர்கள் மீள இயக்க முயன்றனர். கட்டுரையிற் தரப்பட்ட செய்தியை மட்டும் கொண்டு ஏறத்தாழ 49 சதவீதமானவற்றை மீட்க இயலவில்லை. மாறிலியின் பெறுமானம் ஒன்று விடுபட்டிருக்கும். தொடக்க அளவொன்று எழுதப்படாதிருக்கும். சமன்பாட்டில் ஒரு குறி பிழைத்திருக்கும். தாளில் அச்சான மாதிரியுருவின் நிலை இதுவாயின் கணனி படிக்கத்தக்க பொதுவடிவம் தேவையென்பதில் ஐயமில்லை. பொதுவடிவம் ஒன்றுக்கு மேற்பட்டிருக்கும்வரை மாற்றிகளும் வேண்டுவனவே.

ஆகவே நம் கோரிக்கை மாற்றிகளின் ஒழிப்பன்று, அவற்றின் ஒழுக்கமேயாகும். மாறிய கோப்பு, தான் எந்தக் கோப்பின் எந்தப் பதிப்பிலிருந்து, எந்த மாற்றியினால் உருவாயிற்று என்பதைத் தன்னிலேயே பொறித்திருத்தல் வேண்டும். வழிநூல் முதனூல் வேடம் புனைதல் ஆகாது. விடுபட்டவற்றையும் தருவித்துக்கொண்டவற்றையும் வரிவரியாக அறிவித்தல் வேண்டும். பொருள் கெடாமற் கொண்டுசெல்ல இயலாதவிடத்து நின்றுவிடுதல் வேண்டும். பயனர் தெரிந்தே வற்புறுத்தினாலன்றி மேற்செல்லலாகாது. இவற்றுள் எதுவும் கணிதத்தின் எல்லையாற் தடைப்படுவதன்று. ஆக்குவோர் மனங்கொண்டாற் கைகூடுவதே.

கற்போர்க்கும் ஒரு கடமை உண்டு. மாற்றிய கோப்பை ஏற்குமுன் அறையின் பருமனை 1 இலிருந்து 2 ஆக்கி இரு கோப்புக்களையும் இயக்கிப் பார்த்தல் ஐந்து நிமிட வேலை. மாற்றியதை மீள மாற்றி மூலத்தோடு ஒப்புநோக்கல் மற்றொரு பத்து நிமிட வேலை. ஏட்டுச் சுவடிகளைப் பாடபேதம் நோக்கிப் பதிப்பித்த மரபில் வந்த நமக்கு இம்முறை புதிதன்று.

இறுதியாக ஒன்று. சென் கூம்சில் அறுபதுகளில் எழுதப்பட்ட கொப்புள நோய்ச் சமன்பாடுகள் வெறும் பழங்கணக்கல்ல. வெயிலும் மழையும் தம் பழைய முறை பிறழ்ந்துவரும் இந்நாளில் அவற்றை மீள இயக்கி, எங்கு பொருந்துகின்றன எங்கு பொருந்தவில்லை என்று காணுதல் பயனுடையது. பல்கலைக்கழகத்திற் பயிலும் மலையக மாணவர் சிலர் கூடினால், அச்சமன்பாடுகளை எஸ்.பி.எம்.எல்லில் எழுதி, ஒவ்வோர் இனத்துக்கும் தமிழ்ப் பெயரும் பொது எண்ணும் இட்டு, வெயிற் கணக்கு எங்கிருந்து வந்தது என்னும் குறிப்பும் சேர்த்து வைக்கலாம். பின்னர் அதை எந்த மாற்றியில் இட்டாலும் எது வந்தது, எது விடுபட்டது என்று நிறுத்துப் பார்க்க நம் கையிலேயே ஒரு படி இருக்கும். லிந்துலையில் ஒரு தோட்டத்தின் இரு பெயர்களையும் ஒரே தாளில் எழுதிவைக்க முற்பட்டவர் எவ்வளவு நன்மை செய்தாரோ, அவ்வளவு நன்மை இதிலும் உண்டு.